வெர்னாட் கோயிலுக்கு ஒரு கல்யாணம்

மார்சலின் பூர்தே பிடிவாதக்காரி என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? என்னைக் கேளுங்கள். பால் லாரி ஓட்டிக்கொண்டு தினமும் விடியற்காலையில் அவள் தொழுவத்து வாசலில் போய் நின்றவன் நான். வருஷா வருஷம், இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட் கொட்டை பொறுக்கும்போது, "என்னைக் கட்டிக்கிறியா மார்சலின்?" என்று கேட்பேன்.

"நான் கீழூருக்கு உன் வீட்டுக்கு வந்துட்டா, சாவிய யாருய்யா வச்சுக்குவா?" என்பாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அவள் குடியிருந்த மேட்டுக் கிராமமான வெர்னாட்டின் கோயில் சாவியைத்தான் சொன்னாள். முழங்கை நீளச் சாவி. அது வெர்னாட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக்கூடாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டுச் செத்தார். சாலை வளைகிற இடத்தில் எண்ணூறு வருஷமாக நிற்கும் கருங்கல் கோயில் அது. கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகக் கல்முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ஆகஸ்டில் புனித ரோக் திருநாளுக்கு முன்பு அந்தந்த வீட்டார் ஏணி போட்டுத் தங்கள் முகத்தின் பாசியைத் தேய்த்துக் கழுவவேண்டும். நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டு முகம். இரண்டு கையாலும் வாயை இழுத்துக் காட்டுவது மேயர் ரெமி தெலூஷ் வீட்டுடையது. அதை அவன் கழுவிப் பல வருஷமாகிறது.

அந்த மேயருக்குத்தான் கோயில் கண்ணை உறுத்தியது. மரம் ஏற்றும் லாரிகள் அந்த வளைவில் திரும்ப முடியவில்லையாம். கோயிலை இடித்தால் சாலை நேராகிவிடுமாம். ஆனால் பூசை நடக்கிற கோயில்மேல் நகராட்சி கைவைக்க முடியாது. ஆறு மாதத்துக்குமேல் தொடர்ந்து பூசை நடக்காமல் போனால் சட்டம் அவன் பக்கம் வந்துவிடும். கடைசிப் பூசை புனித ரோக் திருநாளன்று நடந்தது. பிப்ரவரி நடுவில் கெடு முடிகிறது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மார்சலின் பங்குச்சாமியாரிடம் போனாள். முப்பது கோயிலை ஒரே காரில் சுற்றும் மனிதர், பாவம். "குளிர்காலத்துல வெளிக் கோயில்ல பூசை வைக்கக்கூடாதுன்னு ஆயர் உத்தரவும்மா. சாவு, கல்யாணம்னா மட்டும் வருவேன்" என்றார்.

எங்கள் ஊரில் சாகக் கிடந்தவர் குஸ்தாவ் கிழவர் ஒருவர்தான். மார்சலின் பாவம் பார்த்துத் தினமும் அவருக்கு முட்டைக்கோஸ் சூப் கொண்டுபோனாள். சூப்பைக் குடித்துக் குடித்து மனுஷன் எழுந்து உட்கார்ந்தார். ஜனவரி கடைசியில் விறகே பிளக்க ஆரம்பித்துவிட்டார்!

"என்னைக் குறை சொல்லாத மார்சலின். நீ சூப்புல ருசியக் குறைச்சிருக்கணும்" என்றார் குஸ்தாவ்.

அன்று மாலையே அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பூட்ஸில் பனி. உட்காரக்கூட இல்லை.

"ஒனோரே, நீ கேட்டது இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"எது?"

"ஏய்யா, தெரியாத மாதிரி முழிக்கிற? கல்யாணம். வெர்னாட்ல. கெடு முடியறதுக்குள்ள. லாரிய வித்துட்ட, இனி நீ அங்க வந்து இருக்கலாம்ல?"

சரி என்றேன். சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள். இத்தனை வருஷம் வேண்டாதவன், கோயிலுக்குக் கெடு வந்ததும் வேண்டியவனாகிவிட்டேனா? கேட்க வாய் வரவில்லை.

எங்கள் நாட்டில் மேயர் முன்னால் கல்யாணம் முடிந்த பிறகுதான் சாமியார் கோயிலில் செய்துவைக்கலாம். ரெமி பல்லைக் கடித்துக்கொண்டு அறிவிப்பை ஒட்டினான். பிறகு எங்களைக் கூப்பிட்டு அனுப்பினான். பொய்க் கல்யாணமா என்று தனித்தனியாக விசாரிக்க அவனுக்கு அதிகாரம் உண்டு. சந்தேகம் என்று மேலே எழுதிவிட்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும், கெடுவும் தாண்டிவிடும்.

முதலில் என்னை விசாரித்தான். "உங்களப் பிடிச்சுத்தான் கட்டிக்கிறாங்களாண்ணே?" என்றான்.

"அத அவகிட்டயே கேளுடா" என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கதவு பலகைக் கதவு. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"அக்கா, நேராவே கேக்குறேன். அந்தக் கல்லுக்காகத்தானே இந்த ஆளக் கட்டிக்கிறீங்க?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, தேதிதான் கோயிலுக்காக. ஆளு எனக்காக. வருஷா வருஷம் கேட்டான். வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. சாவிய யாரு வச்சுக்குவான்னுதான் கேட்டேன். ஒரு வருஷமாவது, 'நான் அங்க வந்துடறேன்'னு சொல்லுவான்னு காத்திருந்தேன். லாரிய விட்டா அந்த மடப்பயலுக்கு எதுவும் தெரியல. இப்ப கையெழுத்துப் போடறியா, இல்ல உங்கம்மாவக் கூப்பிடட்டுமா?"

அப்போது எனக்கு அழுகை வந்தது. அறுபத்தெட்டு வயசில், நகராட்சி பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டுச் சிரித்தேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மேயருக்குரிய மூவர்ணப் பட்டியை மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டு ரெமியே எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தான். பிறகு பனியில் எல்லாரும் வெர்னாட்டுக்கு நடந்தோம். கோயிலுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. சாமியார் கையுறையோடு பூசை வைத்தார். குஸ்தாவ்தான் மணியடித்தார். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

எல்லாரும் போனபின் மார்சலின் கதவைப் பூட்டினாள். சாவியை என் கோட்டுப் பையில் போட்டாள். அந்தக் கனத்தில் கோட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இனி நீ வச்சுக்கோ" என்றாள். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இந்த ஆகஸ்ட்ல ஏணிய நீ பிடி. அந்த நாக்கு நீட்டுறவனை நான் கழுவுறேன்."