பிரிட்ஜ் செருப்பு

ஆகஸ்ட் 14, வியாழன். ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஆறேகாலுக்குக் காபி. பத்து மணிக்குப் புதிய பிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்தவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி, எர்த் இருக்கா?" முப்பது வருடங்களுக்கு முன் அதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் முதல் பிரிட்ஜ் வளைகுடாவிலிருந்து வந்தது. காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் வாங்கினேன். அதன் சதுர முள் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது. பிளக்கைப் பிளேடால் அறுத்தெடுத்தேன். இரண்டு ஒயர்களின் நுனியைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கினேன். (தயவுசெய்து நீங்கள் செய்துவிடாதீர்கள்.) மூன்றாவதான பச்சை ஒயருக்கு வேலை இல்லையென்று முடிவுசெய்து, அழகாகச் சுருட்டி நூலால் கட்டிவைத்தேன். எதையும் ஒழுங்காகச் செய்பவன் நான்.

பிரிட்ஜ் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. அதற்கும் ஒரு ஒழுங்கு செய்தேன்: அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த விருந்தாளி குளிர்ந்த தண்ணீர் கேட்டால், உள்ளே அதை மாட்டிக்கொள்ளச் சொல்வோம். யாரும் ஆச்சரியப்பட்டதாக நினைவில்லை. ஷாக் அடித்த நாள், நேரம் எல்லாம் டைரியில் இருக்கின்றன.

ஒருநாள், தவழ்ந்துகொண்டிருந்த மகள் எழுந்து நிற்கப் பிடிமானம் தேடி பிரிட்ஜை நோக்கிக் கை நீட்டினாள். என் மனைவி பாய்ந்து தூக்கினாள்.

"இவ காலுக்கு எங்க போயி செருப்பு வாங்குவிய?"

"இன்னைக்கு நடந்ததையும் எழுதிக்கிடுதேன்..."

"எழுதி வச்சா கரண்டு அடிக்காதோ? மொதல்ல அத சரி பண்ணுங்க. அதுவர நானும் பிள்ளையும் உடன்குடியில இருக்கோம்."

மூன்றரை மணி பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பச்சை ஒயரைப் பார்த்தார். "முடிச்சு நல்லாருக்கு அண்ணாச்சி."

"நம்ம ஊரு மண்ணே உப்பு. தனியா எர்த் எதுக்குன்னு..."

"மண்ணு உப்பா இருந்து என்ன? அதுவர ஒயர் போவணும்லா? உள்ள கசியுத கரண்டு தரைக்கு வழி தேடும். பச்ச ஒயர் இல்லன்னா நீங்கதான் வழி."

முற்றத்தில் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். அதிலிருந்து சாக்கெட்டுக்கு ஒரு ஒயர் இழுத்தார். தீக்குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, பச்சை ஒயரையும் சேர்த்து மூன்று முள் பிளக் மாட்டினார். கசிந்த இடத்தையும் தேடிச் சரிசெய்தார். பிரிட்ஜில் வைத்துப் பார்த்தபோது டெஸ்டர் எரியவில்லை.

"இனி தொடலாம்."

"நீங்க தொடுங்க."

"வீடு யாருது?"

வெறுங்காலோடு தொட்டேன். குளிர்ச்சியாக மட்டும் இருந்தது.

தீக்குச்சி செருகிய சாக்கெட்டை இப்போது காண முடிவதில்லை. ஷாக் அடித்ததும் கையை உதறிச் சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிற மனிதர்களும் இல்லை.

தொட்டுப் பார்த்த மறுநாள், காலை முதல் வேலையாக உடன்குடி பஸ் ஏறினேன். மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"யாரு தொட்டுப் பாத்தா?"

"நான்தான்."

"வெறுங்காலோடயா?"

"ஆமா."

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துவர உள்ளே போனாள்.