முட்டியில் கிளம்பிய வழக்கு

கண்ணாடிக்காரி என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுப்பது அவள் வேலை. கையில் வெட்டுத் தழும்பு இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக அந்தத் தழும்புகள் தடித்துச் சிவந்து வந்தன. கண்ணாடித் தூள் உள்ளே தங்கியிருக்கும் என்று களிம்பு தடவிக்கொண்டு சும்மா இருந்தாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து பட்ட முட்டித் தழும்பும் ஊதா நிறத்தில் வீங்கியபோதுதான் பயம் வந்தது. முட்டியில் ஏது கண்ணாடி?

அந்தத் தழும்புக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. அக்கா பின்னாலிருந்து தள்ளிவிட்டாள் என்பது இவள் கட்சி. இவளாகவே விழுந்தாள் என்பது அக்கா கட்சி. அக்கா கணக்கு டீச்சர். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட சரித்திரமே கிடையாது. தலை நரைத்த பிறகும், நாலு பேர் கூடினால் போதும், வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடும். ஒரே ஒரு தடவை அக்கா வாயால் உண்மையைக் கேட்டுவிட வேண்டும் என்று இவளுக்கு ஆசை. அற்ப ஆசைதான், ஆனால் விட முடியவில்லை.

அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் முட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வறட்டு இருமல் வேறு இருக்கிறது என்றதும் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முடிவு கேட்கப் போன அன்று, வெளியே பெஞ்சில் அக்காவின் முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. திடீரென்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி தள்ளினேன். உனக்கு மட்டும் புது சைக்கிள் வாங்கிக் குடுத்தாங்கன்னு பொறாமை. அதுதான் இப்ப இப்படிக் கிளம்பிருச்சு."

இதைக் கேட்டால் மனசு குளிரும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். குளிரவில்லை. அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் வியாதியின் பெயர் சார்காய்டோசிஸ் என்றார். உடம்பைக் காக்கும் அணுக்களே அங்கங்கே கூட்டம் போட்டு முடிச்சாகிவிடுமாம். பழைய தழும்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நுரையீரலிலும் கொஞ்சம் இருக்கிறது, மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கும், கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஆனால் அன்றைக்கு சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தது இல்லை என்று, அக்கா கேட்டதற்கு அடித்துச் சொன்னார்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் பழைய டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். பயத்தில் ஏதோ உளறிவிட்டதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நீயாத்தானே விழுந்தே?"

குரலில் அதிகாரம் வந்துவிட்டது. பிடித்த கையை மட்டும் இன்னும் விடவில்லை.

"ஆமாக்கா," என்றாள் கண்ணாடிக்காரி. "நானாத்தான் விழுந்தேன்."