தலவிலைக்குப் போகாத ஐஸ்

போன வாரம் மாம்புரிக்கு மரக்கறி ஏற்றப் போனபோது, சாப்பாட்டுக் கடைக்காரர் அச்சாறுப் போத்தலைத் திறந்தார். வினாகிரி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு மறந்து, சிவப்பு பல்ப் எரியும் ஒரு குளியலறை நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு நானும், எனக்குப் பள்ளிக்கூடமும் போதும் என்றாகிவிட்டது. உப்பளத்துக்குப் போனேன், உள்ளங்கால் வெடித்தது. இறால் பண்ணைக்கு மாறினேன். இறால் செத்தது, சம்பளம் நின்றது. அந்த இறாலைக் கொன்ற கிருமியை ஆராய, மேற்படிப்புக்கு லீவு எடுத்து வந்த ஒரு மிஸ் பாலாவியில் வீடு எடுத்து ஆய்வுகூடம் வைத்தார். வான் ஓட்டவும் கண்ணாடி கழுவவும் நான் சேர்ந்தேன்.

தனியாக இருக்கும்போது அந்தக் கிருமி சாது. கூட்டம் கூடியதும் கெட்டுப்போகும், எங்களைப் போலத்தான். கூட்டம் கூடிவிட்டது என்ற செய்தியை அதன் உடம்புக்குள் ஒரு புரதம் இன்னொன்றுக்குக் கைமாற்றும். கைமாறுவது பொஸ்பேற்று என்ற ஒரு ரசாயனத் துணுக்கு. மிஸ் கதிரியக்கமுள்ள பொஸ்பேற்றைக் கொடுத்து, புரதங்களை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவார். ஜெல் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில், நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசி மாதிரி ஒரு மெல்லிய தகடு. சின்னப் புரதம் முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு எக்ஸ்ரே பிலிமை மேலே வைத்தால், பொஸ்பேற்று போய்ச் சேர்ந்த இடம் கறுப்புக் கோடாக விழும். கோடு எவ்வளவு கறுப்போ, அவ்வளவு செய்தி.

சிக்கல் வெயில்தான். ஏசி பழுது. ஜெல் சூடேறினால் கோடுகள் சிரிக்கிற வாய் மாதிரி வளைந்துவிடும், பொஸ்பேற்றும் கழன்றுவிடும். இரண்டு ஜெல் அப்படி வீணாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த கதிரியக்கப் போத்தலோ தானாகத் தேய்ந்துகொண்டிருந்தது. மிஞ்சியது இன்னும் ஒரேயொரு ஜெல்லுக்குத்தான் காணும். அடுத்த போத்தல் வருவதற்குள் மிஸ்ஸின் லீவு முடிந்து, படிப்பு பாதியில் நிற்கும்.

"இதும் சிரிச்சா நான்தான் அழணும் நானா," என்றார் மிஸ். என்னை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் கூப்பிடுவார்.

படிப்பைப் பாதியில் விடுவது எனக்குப் பொருந்தியது; அவருக்குப் பொருந்தாது என்று பட்டது. ஜெல்லைக் குளிராக வைக்க ஐஸ் தேடி வானை எடுத்தேன்.

அன்று தலவில தேவாலயத்தில் திருவிழா. ஊர் ஐஸெல்லாம் சர்பத்துக்குப் போய்விட்டது. மீனும் ஐஸுமாகத் தலவிலைக்குப் போன கடைசி லொறியைப் பாலாவிச் சந்தியில் மறித்தேன். ஓட்டி வந்தவன் என் கூட்டாளி காதர்.

"ஒன்ட மிஸ்ஸுக்கு எத்தின கிலோ மீன்?"

"மீனில்ல மச்சான், கிருமி."

"கிருமிக்கு ஐஸா? எங்கட மீனுக்கே காணாது."

"இறாலக் கொன்ட கிருமி."

காதர் லொறியிலிருந்து இறங்கினான். "மச்சினன்ட பண்ணையும் அதாலதான் போன. எடு. குளிர்ல கெடந்து சாகட்டும்."

"சாகடிக்க இல்ல மச்சான், அது கதைக்கிறத..."

"பேசாம எடுடா."

ஐஸைப் பொலித்தீன் பைகளில் கட்டி, ஜெல் தொட்டியைச் சுற்றி அடுக்கினோம். மீன் லொறி ஐஸ் அல்லவா, வீடே மீன் காயப்போடும் வாடியாக நாறியது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலால் குதித்து மேசையில் நடந்தது. மிஸ் கதிரியக்கம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பூனையைப் பிடிக்க, அவர் ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பார்த்தார். கருவி சத்தம் போடவில்லை.

"இதுட கால் உங்கட கைய விட சுத்தம் நானா."

பிலிமைக் கழுவியது குளியலறையில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சிவப்பு பல்ப், வினாகிரி வாசமடிக்கும் மருந்துத் தட்டு. கவிழ்த்த வாளியில் நான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து முதலில் ஒரு கோடு வந்தது, கொடுத்த புரதம். அதற்குக் கீழே இன்னொன்று, வாங்கிய புரதம். இரண்டும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்.

"சிரிக்கல்ல," என்றார் மிஸ். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பூனை மறுபடியும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

மிஸ் படித்து முடித்து, இப்போது தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பிக்கிறார். பிலிமும் சிவப்பு பல்ப்பும் அங்கே இல்லையாம். கோடு கணினியிலேயே விழுமாம். பாலாவி வீடு இப்போது போன் கடை. அந்த ஜெல்லில் இருந்த கதிரியக்கமும் அந்த வருஷமே தேய்ந்து, கருவிக்கே கேட்காமல் போயிற்று.

மாம்புரிக் கடைக்காரர் அச்சாறுப் போத்தலை மூடப் போனார்.

"கொஞ்சம் தொறந்தே இரிக்கட்டும் நானா," என்றேன்.