தண்ணிச் சத்தம் வந்தா கடிக்கும்

1. இடது கைக்கு இங்கே வேலை இல்லை

நான் கரண்ட்டுக்குப் பயந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் டிவி, வீடியோ கேம் செட் என்று கழற்றி மாட்டியிருக்கிறேன். இன்றைக்கும் பிளக்கை உருவிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் பின்மூடியில் ஸ்குரூ டிரைவரை வைப்பேன். இதைப் படிக்கும் சின்னவர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்து முடித்துவிட்டு வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்ததும், தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர் பஜாரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். முதலாளி கரீம் பாய். முதல் நாளே ஒரு கலர் டிவியின் முதுகைத் திறந்து, பிக்சர் டியூபில் ஒட்டியிருந்த ரப்பர் மூடியைக் காட்டினார்.

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் இதுக்குள்ள வோல்டேஜ் உக்காந்துனே இருக்கும். மொதல்ல இத டிஸ்சார்ஜ் பண்ணணும். இந்தா, புடி."

ஸ்குரூ டிரைவரை வாங்கினேன். அது என் கையில் தந்தியடித்தது.

"இன்னாம்மா எஸ்தரு, இப்பவே நடுங்குது?"

"பயமா இருக்கு பாய்."

"நல்லது. பயமே இல்லாதவன் ஒருத்தன் இதே ஸ்டூல்லதான் உக்காந்துனு இருந்தான். இப்ப அவன் இல்ல."

அவன் வேலையை விட்டுப் போனானா, உலகத்தை விட்டே போனானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

பாய் அன்று ஒரு விதி சொன்னார். கரண்ட் ஓடும் செட்டில் கை வைக்கும்போது இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். எனக்கு ஏது பாக்கெட்? சுடிதார் துப்பட்டாவின் முனையை இடது கையால் முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதுவே பழக்கமாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் இந்தப் பொண்ணுக்கு இடுப்பு வலியா என்று பாயிடம் விசாரிப்பார்கள்.

வீடியோ கேம் செட்டெல்லாம் என் மேஜைக்கு வந்தது இந்தப் பயத்தால்தான். ஒன்பது வோல்ட் அடாப்டர், அதற்குள் ஐந்து வோல்ட்டில் ஓடும் போர்டு. யாரையும் கொல்லாத சாமான். ஆம்பூரில் அதற்கு என்ன நோய் வரும் என்பது எனக்கு மனப்பாடம். தோல் பதனிடும் டேனரிகளின் காற்றுக்குச் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். கேசட்டின் பின்கள் மாசத்துக்கு ஒரு தரம் கரி பூசிக்கொண்டு வரும். பிள்ளைகள் எடுத்து வாயால் ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு இன்னும் அரிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் புதுசு. ஜாய்ஸ்டிக்கின் பட்டன் வேலை செய்யவில்லையென்றால் அடியிலிருக்கும் ரப்பரில் கார்பன் தேய்ந்திருக்கும். ஸ்பேர் கிடைக்காத நாளில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தைப் பொட்டளவு வெட்டி ஒட்டுவேன்.

சரிசெய்த பிறகு டெஸ்ட் செய்ய வேண்டுமல்லவா? டாங்க் கேமில் மூன்று ஸ்டேஜ் தாண்டியும் நான் எழுந்திருக்காவிட்டால் பாய் தொண்டையைக் கனைப்பார்.

2. கடையில் கடிக்காத செட்

செல்வி மாதனூர்க்காரர். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறு மணி தாண்டித்தான் இறங்குவார். கணவர் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கோடை விடுமுறையில் ரம்யா, பிரபு என்ற இரண்டு பிள்ளைகளும் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். கூட வேலை செய்யும் ஒருத்தியிடமிருந்து ஒரு பழைய வீடியோ கேம் செட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டைப் பையில் போட்டு எடுத்துவந்தார்.

"மேடம், இது ஷாக் அடிக்குது."

"அடாப்டரா?"

"இல்ல, கையில புடிக்கிறதுதான்."

ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன். அந்த மாடலில் முகப்பில் ஒரு மினுமினுப்பான தகடு இருக்கும். போர்டின் கிரவுண்ட் அந்தத் தகட்டிலேயே சேர்ந்திருக்கும். அதனால் என்ன? உள்ளே இருப்பதே ஒன்பது வோல்ட். அடாப்டர் காயில் லீக் ஆனால்தான் ஆபத்து. மீட்டர் வைத்துப் பார்த்தேன், லீக் இல்லை. டிவியில் மாட்டி ஓட விட்டுத் தகட்டில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. என் மனசு கேட்காமல் வேறு அடாப்டரும் மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு திரும்ப வந்தார். அதே புகார். முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எஸ்தரு, இது செட்டு கம்ப்ளைன்ட் இல்ல, பசங்க கம்ப்ளைன்ட்டு" என்றார் பாய். "ஒண்ணு ஒண்ணுகிட்ட இருந்து புடுங்கறதுக்குப் பொய் சொல்லும். ஜாஸ்தி பேஜார் பண்ணிக்காத."

மூன்றாம் ஞாயிறு மகளையும் கூட்டி வந்தார். ரம்யாவுக்குப் பத்து வயசிருக்கும். கண்ணை நேராகப் பார்த்துப் பேசும் பிள்ளை.

"எப்படி இருக்கும் ரம்யா?"

"கடிக்கும்."

"எப்பவுமா?"

"இல்லக்கா. தண்ணிச் சத்தம் வந்தா கடிக்கும்."

பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அர்த்தமும் விளங்கவில்லை. செல்வியிடம், கொஞ்ச நாள் இதைக் கொடுக்காமல் வைத்திருங்கள் என்றேன்.

"தூக்கிப் பரண்ல போட்டுடலாம் மேடம். ஆனா இது இருந்தாத்தான் ரெண்டும் ஊட்டுக்குள்ள கெடக்கும். ஹைவே நம்ம வாசல்ல இருந்து பத்தடி. போன வருசம் எதிர் ஊட்டுப் பையன லாரி அடிச்சிட்டுப் போய்ட்டான். அதான் வெளிய பூட்டிட்டு, சாவிய எடுத்துகினு போய்டறேன். இத வெச்சிதான் பூட்டின ஊட்ல உக்காந்துனு இருக்குதுங்க."

செட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் போனதும் நான் வெகுநேரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. பழுது கண்ணில் பட்டால் பயம் குறைந்துவிடும். இந்தப் பழுது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகளோடு அது இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

3. ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

அந்த வாரம் பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டுக்கு டிவி சர்வீஸுக்குப் போனேன். திரும்பும்போது மாதனூரில் இறங்கிவிட்டேன். மதியம் தாண்டி, கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். பின்னால் தென்னந்தோப்பு. கதவில் பெரிய பூட்டு. கம்பி போட்ட ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே சிமெண்டுத் தரையில் இருவரும் உட்கார்ந்து கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரபு கடையில் நான் பார்த்திராத பொடியன், ஆறு வயசு இருக்கும். ரம்யா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அக்கா! அம்மா வேலைக்குப் போய்ட்டாங்க."

"தெரியும். சும்மா பாக்க வந்தேன். இன்னிக்கிக் கடிச்சுதா?"

"இன்னும் இல்ல."

டெஸ்டரை ஜன்னல் வழியாகக் கொடுத்து, ஜாய்ஸ்டிக் தகட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று காட்டலாமா என்று யோசித்தேன். குழந்தையிடம் டெஸ்டரைக் கொடுக்கப் பயமாக இருந்தது. அப்போதுதான் தோப்புப் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு மோட்டார் சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம். கூடவே மழையும் தூற ஆரம்பித்தது.

"தண்ணி வந்துடுச்சு" என்றாள் ரம்யா. "இனிமே கடிக்கும்."

பிரபு உற்சாகமாக இரண்டு கையாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"என்ன பண்றான்?"

"யாரு ரொம்ப நேரம் புடிக்கிறாங்கன்னு பந்தயம்க்கா. நான் எட்டு. அவன் பத்து வரைக்கும் புடிப்பான்."

கத்தினால் பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பான் என்று தோன்றியது. குரலை எங்கிருந்தோ இழுத்து வந்து, "பிரபு, நீதான் ஜெயிச்சே. கீழ போட்டுடு, உனக்குச் சாக்லேட் தர்றேன்" என்றேன்.

போட்டான். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். "இன்னிக்கி ஜாஸ்தி கடிக்குது" என்றான்.

"ரம்யா, ஸ்விட்ச ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? இப்ப பிளக்கு ரெண்டையும் புடுங்கு. பிளாஸ்டிக்க மட்டும் புடி."

அவள் சொன்னபடி செய்தாள். டிவி பிளக்கும் அடாப்டரும் அவள் கையில். திரை இருண்டுவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. அந்த நொடியில் அந்த வாண்டு ஒரு விரலை நீட்டித் தகட்டைத் தொட்டுவிட்டுச் சொன்னான்.

"இன்னும் கடிக்குது."

இந்தத் தொழிலில் நான் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான். பிளக் கையில் இருக்கிறது. செட்டுக்குள் கரண்ட் வர வழியே இல்லை. ஆனாலும் இருக்கிறது. பேய் பிசாசு என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்கவில்லை.

பிறகு வெளியிலிருந்து டிவிக்கு வந்து, இன்னும் பிடுங்காமல் இருந்த ஒரே ஒயரைப் பார்த்தேன். கேபிள் டிவி ஒயர். அது மாடி வழியாக ஏறி, தோப்புக்குள் போயிற்று.

"ரெண்டு பேரும் கட்டில் மேல ஏறுங்க. டிவி, ஜாய்ஸ்டிக், ஒயர் எதையும் தொடக் கூடாது. நான் வர்ற வரைக்கும் எறங்குனா சாக்லேட் கெடையாது."

தோப்புக்கு ஓடினேன். ஒரு தென்னையில் கேபிள்காரர் கறுப்பு ஒயரைக் கட்டியிருந்தார். அதே மரத்தில்தான் கிணற்று மோட்டாருக்குப் போகிற ஒயரும் தொங்கியது. காற்றில் இரண்டும் உரசி உரசித் தோலுரிந்து ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. மரத்தில் அந்த இடம் கருகியிருந்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது.

மோட்டார் கொட்டகையில் தோப்புக்காரர் கோவிந்தசாமி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மோட்டார நிறுத்துங்க."

"யாரும்மா நீ? மூணு பேஸ் கரண்ட்டு இப்பதான் வந்துது. சாயங்காலம் புடுங்கிப்பான். நிறுத்துனா என் வாழைக்கு நீ வந்து தண்ணி ஊத்துவியா?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. ஸ்டார்ட்டரில் சிவப்புப் பட்டன் இருந்தது. மழையில் நனைந்த கை, ஈரத் தரை, அறிமுகமில்லாத இரும்புப் பெட்டி. வேறு எந்த நாளிலும் தொட்டிருக்க மாட்டேன். இடது கை தானாகவே முதுகுக்குப் போய்த் துப்பட்டாவைப் பிடித்தது. வலது கை விரலால் பட்டனை அழுத்தினேன். மோட்டார் நின்றது.

"என் மோட்டார்ல கை வெக்க நீ யாரு?" என்று அவர் எழுந்தார்.

"அந்த மரத்த வந்து பாருங்கய்யா. அப்பறம் அடிங்க."

வந்து பார்த்தார். கருகிய இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கேபிள் ஒயர் எங்கெங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தார். அது செல்வி வீட்டைத் தாண்டி, தெருவில் வரிசையாக இறங்கியது.

"எங்க ஊட்லயும் இந்தக் கேபிள்தானே" என்றார் மெதுவாக.

திரும்பிக் கொட்டகைக்குப் போய் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளை உருவி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

அந்தத் தெருவில் எத்தனையோ டிவி. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை, ஏனென்றால் டிவிக்கு வெளியே இருப்பது பிளாஸ்டிக், மரம். மோட்டார் ஓடும்போதெல்லாம் கேபிளில் ஏறிய கரண்ட்டை டிவி வழியாக அந்தத் தகட்டுக்கு எடுத்து வந்து உள்ளங்கையில் கொடுக்கும் சாமான் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. ஈரம் இல்லாத நாளில் அது கடித்தது. இன்னும் அரை மணி மழை பெய்திருந்தால் கடித்ததோடு விட்டிருக்காது.

ஜன்னலுக்குத் திரும்பினேன். இருவரும் கட்டிலில் அப்படியே இருந்தார்கள்.

"இனிமே கடிக்காதாக்கா?" என்று கேட்டான் பிரபு. அவனுக்கு ஏமாற்றம்.

செல்வி வரும் வரைக்கும் மழையில் நனைந்தபடி அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் வீட்டு ஜன்னலில் நானும் கோவிந்தசாமியும் நிற்பதைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார். சாவியைப் பூட்டில் நுழைக்க முடியவில்லை. வாங்கி நான்தான் திறந்தேன்.

4. இரண்டு கை

சின்னவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். செட் உங்கள் மேஜையில் நல்ல பிள்ளையாக இருக்கும். அது வாழ்கிற வீட்டில், அந்த வீட்டுச் சுவரோடும் தண்ணீரோடும் அக்கம்பக்கத்தோடும் சேர்ந்துதான் அதன் குணம் தெரியும். குழந்தை ஒரு காரணம் சொன்னால், அது எவ்வளவு பொருந்தாததாக இருந்தாலும், அந்த நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். கேபிள்காரர் ஒயரைத் தெருப்பக்கம் மாற்றியிருந்தார். கோவிந்தசாமி மோட்டார் ஒயரைப் பைப்புக்குள் விட்டுப் பூமியில் புதைத்திருந்தார். கதவின் பூட்டு உட்புறத்துக்கு மாறியிருந்தது. உள்தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், ரம்யாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியடித்துச் சாவியைத் தொங்கவிட்டிருந்தார் செல்வி. லாரி பயம் போகவில்லை, அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது என்றார்.

செட்டை மாட்டினேன். மோட்டாரைப் போடச் சொல்லி ஆள் அனுப்பினேன். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. டெஸ்டரைத் தகட்டில் வைத்தேன், எரியவில்லை.

"சரியா போச்சு. குடுக்கலாம்" என்றேன்.

செல்வி பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு தபா இதத்தான் சொன்னே எஸ்தரு. இப்ப நீ புடி. நான் பாக்கறேன்."

நியாயம்தான். தரையில் உட்கார்ந்து வலது கையால் ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். இடது கை வழக்கம்போல முதுகுக்குப் போய்த் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. கார் கிளம்பி, முதல் வளைவிலேயே மோதிக் கவிழ்ந்தது.

"ஒரு கையால ஆட முடியாதுக்கா" என்றாள் ரம்யா.

தண்ணீர்ச் சத்தம் காதை அடைத்தது. செல்வி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பட்டாவை விட்டேன். இரண்டு கையாலும் தகட்டை இறுக்கிப் பிடித்தேன். பிரபு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். அவன் பத்து சொல்லி முடித்த பிறகும் நான் விடவில்லை. செல்வி பிள்ளைகளின் தோளிலிருந்து கையை எடுக்கும் வரைக்கும் பிடித்திருந்தேன்.