ஷிஃபானாவின் வொலி

நோன்பு மாதம் வந்தால் மெல்பனில் என் மேசையில் தினமும் ஒரு வாழைப்பழம் இருக்கும். வைப்பவள் ஷேரன், எங்கள் ஆய்வுகூடத்தில் எனக்கு அடுத்த இருக்கைக்காரி. நான் ஓர் ஆணை மணந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "இங்கே உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ரிஸ்வி" என்றாள். "யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் நோற்கிறேன்" என்றேன். அவள் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தனை பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

போன வருடம் தங்கையின் நிக்காஹுக்காகக் கண்டிக்குப் போனேன். வாப்பா இறந்துவிட்டதால் ஷிஃபானாவை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளன், எங்கள் வழக்கில் வொலி, நான்தான். நிக்காஹ் பதிவில் அவள் சார்பாக நான் கையெழுத்திட வேண்டும். ஆனால் டேனியலும் நானும் மோதிரம் மாற்றிய படம் முகநூல் வழியே எனக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. "வராதே மகன், ஆக்கள் கதைக்கிற" என்று உம்மா தொலைபேசியில் அழுதார். அண்ணனை 'நானா' என்றழைக்கும் ஷிஃபானா அனுப்பிய செய்தி ஒரே வரி: "நானா, டிக்கெட் போட்டாச்சா?"

கண்டிக்கு அருகே பல்லேகலயில் ஒரு மண்டபம். நடுவில் பச்சைத் திரை. அந்தப் பக்கம் பெண்கள். பதிவாளர் புத்தகத்தை விரித்து வொலி யார் என்று கேட்டபோது வாப்பாவின் மூத்த சகோதரர், என் பெரியவாப்பா, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்தவர். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ரிஸ்வி, அந்தப் படம் பொய்யெண்டு சபையில ஒரு வார்த்த செல்லு. பொறகு நீயே கையெழுத்த வை."

ஒரே வார்த்தை. என் இருபதுகளில் அப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். பெண் கொடுக்க வந்தவர்களிடம், பள்ளிவாசல் வாசலில், என்னிடமே கூட.

"படம் உண்மை பெரியவாப்பா. அது நான் கலியாணம் முடிச்ச ஆள்தான். பொய் செல்லிட்டு அல்லாஹ்ட பேரால தங்கச்சிய எப்பிடிக் குடுக்கிற?"

"அப்ப ஒனக்கு வொலியா நிக்க ஏலா. மார்க்கம் உடாது. நான் நிக்கிறன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஷிஃபானாவின் குரல் வந்தது. மணப்பெண் சபையில் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"நானா நிக்காட்டி எனக்கு இந்த நிக்காஹ் வாணாம்."

உம்மா அவள் பக்கத்தில்தான் இருந்தார். அவளைத் தடுக்கவில்லை.

பதிவாளர் மாப்பிள்ளையைப் பார்த்தார். கடுகண்ணாவையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இம்தியாஸ், அதிகம் பேசாதவன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவர்ட பேரயே எழுதுங்க ஹஸ்ரத்" என்று பதிவாளரிடம் சொன்னான். பெரியவாப்பா எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் பாதி வரிசை போனது. என் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒன்றை யோசிக்கிறேன். ஷேரன் என் நோன்பை எடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். பெரியவாப்பா டேனியலை எடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றப் பார்த்தார். இருவருமே அன்பானவர்கள். ஆனால் பாதி ரிஸ்வியைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்? நான் பிறந்த நாட்டின் சட்டப் புத்தகம் இன்னும் எங்களைக் குற்றவாளிகள் என்கிறது. நான் அல்லாஹ்விடம் பேசுவதற்கு அந்தப் புத்தகத்திடம் அனுமதி கேட்கவில்லை.

நிக்காஹ் முடிந்து சாப்பாடு வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் அவரவர் பக்கத்துச் சோற்றை உண்ணும் சஹன். நான் உட்கார்ந்த சஹனுக்கு யாரும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, போகவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். சற்று நேரத்தில் நண்பர்களை விட்டுவிட்டு இம்தியாஸ் வந்து எதிரே உட்கார்ந்தான். கோழித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான். எங்களைச் சுற்றி நான்கு இடம் காலியாக இருந்தது. ஒன்று என்னுடன் வராத டேனியலுடையது, மற்றவை எழுந்து போனவர்களுடையவை. நான் என் இடத்திலிருந்தே சாப்பிட்டேன். அவர்கள் பக்கத்துச் சோற்றைத் தொடவில்லை.