மும்பையில் ஏறிய அம்மா தூத்துக்குடியில் இறங்கவில்லை

முருகனை நம்பி வாழும் என் உறவுகளே,

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் கடைசிப் பயணியும் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா வரவில்லை.

மும்பையில் கடை வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்கு அம்மா போயிருந்தாள். ரயிலில் திரும்பினால் ஒன்றரை நாள் உட்கார வேண்டும், மூட்டு தாங்காது என்று நான்தான் விமான டிக்கெட் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெங்களூருவுக்கு இரண்டு மணி நேரம், அங்கே விமானம் மாறினால் தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் என்று எங்கள் முத்தையாபுரத்தில் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க அம்மா பெங்களூர்ல இந்த ஃப்ளைட்ல ஏறவே இல்ல மேடம்."

அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏளா, என்ன சொல்லுத? நான்தான உள்ள அனுப்பிவிட்டேன்!" அம்மாவின் போன் அணைந்து கிடந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் தவிர வேறு பேச்சும் தெரியாது. சர்க்கரை வேறு. சாப்பாடு தள்ளிப்போனால் மயங்கிவிடுவாள். ஒருமுறை மார்க்கெட்டில் விழுந்தபோது தெரிந்தவர்கள் தூக்கினார்கள். அங்கே யார் தூக்குவார்? எங்கோ ஒரு மூலையில் அவள் கிடப்பதாகவே கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் என்று நான் சுலபமாகச் சொன்ன தூரத்தில் ஓர் அடிகூட என்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

வெளியே வந்து, திருச்செந்தூர் இருக்கும் பக்கம் திரும்பி நின்றேன். தினமும் பாடும் பாட்டில் ஒரு வரிகூட வரவில்லை. "முருகா, எங்கம்மா... எங்கம்மா..." அவ்வளவுதான் வாயில் வந்தது. பயத்தில் அழுகைகூட வரவில்லை.

போன் அடித்தது. அம்மாவின் எண். எடுக்கவே பயந்தேன். வேறொரு பெண் குரல்.

"பயப்படாதம்மா. உங்க அம்மா என் பக்கத்துலதான் இருக்காவ. இட்லி வாங்கிக் குடுத்துட்டேன். போன்ல சார்ஜ் இல்ல, இப்பதான் போட்டேன்."

"அக்கா, நீங்க யாரு? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் சிரித்தார். "எனக்கு உடன்குடி. பெங்களூர் ஏர்போர்ட்ல டெல்லிக்குப் போக உக்காந்திருக்கேன். பின்னால ஒரு சத்தம். 'ஏலே முருகா, என்னய எங்கன கொண்டாந்து எறக்கி விட்டிருக்க? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?'ன்னு. நம்ம ஊருக்காரியத் தவிர அவன எவ ஏலேன்னு கூப்பிடுவா?"

அம்மா போனை வாங்கினாள். "ஏளா, ஊரு வந்துட்டுன்னுல்லா உக்காந்திருந்தேன். பயப்படாத. முருகன ஏசுன ஒடனே ஆள் அனுப்பிட்டாம்லா!"

அந்த அக்கா அலுவலர்களிடம் பேசி, அம்மா இரவு தங்கவும் மறுநாள் விமானத்தில் ஏறவும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தன் விமானத்துக்குப் போனார். அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். நேராகச் செந்தூருக்குப் போய்க் கடலில் முழுகி, அவன் முன்னால் நின்று நெடுநேரம் அழுதேன். அன்றிலிருந்து நான் அவனிடம் அளந்து பேசுவதில்லை.

உங்கள் வீட்டு ஆள் ஒருவர் கைக்கெட்டாத ஊரில் தனியே நிற்கும் நேரம் வரலாம். அழகான வார்த்தை தேடாதீர்கள். பயமோ கோபமோ, வாயில் வருவதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திட்டினாலும் அவன் காதில் விழும்.