அம்மாவின் படத்துக்குப் பின்னால்

நடந்ததைத்தான் சொல்கிறேன். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எரிக்கத் துணிவில்லை. ஏன் என்று கடைசியில் புரியும்.

போன நவம்பரில் அம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. மாலை போட்டு விளக்கேற்ற அம்மாவின் பெரிய படம் ஒன்று வேண்டும். கலியாண வீடுகளில் படமெடுக்கும் என் தம்பி யனுஷனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். அந்தக் கஞ்சன் பழைய சாமான் சந்தையில் ஒரு தேக்குப் பிரேம் வாங்கி வந்தான். உள்ளே நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய படம். ஆபிரிக்கக் கடற்கரை. கதிரையில் கால்மேல் கால் போட்டபடி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு மூன்று ஆபிரிக்கச் சுமைகாரர்கள். துரையின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது.

“இதைக் கழட்டி எறி,” என்றேன்.

“ஏலாது அக்கா. அட்டையோட ஒட்டிப் போச்சு. அம்மாட படத்தை மேல வைச்சு மூடிட்டன். ஆருக்குத் தெரியப்போகுது?”

அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தோம். அம்மா வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். மணி நாலு. இந்தக் குளிர்நாட்டு நவம்பரில் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது.

உள்ளே ஒரு சத்தம்.

டிங்... டிங்...

முள்ளுக்கரண்டி பீங்கானில் படும் சத்தம். நாங்கள் வைத்தது வாழையிலை. கரண்டியே வைக்கவில்லை.

பிறகு கதிரை இழுபட்டது. சுருட்டு மணம் வந்தது. அம்மாவின் சாப்பாட்டை வேறு யாரோ சாப்பிடுகிறார். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“உங்கட அம்மா வந்திட்டா,” என்று கண் கலங்கிய அப்பா, கதவைத் திறந்து உள்ளே போனார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தள்ளினேன். அசையவில்லை. யனுஷனும் நானும் சேர்ந்து இடித்தோம்... திறந்தது.

விளக்கு அணைந்திருந்தது. இலை வெறுமையாகக் கிடந்தது. வெறும் கதிரைக்குப் பின்னால் அப்பா நின்றார். கையைக் கட்டிக்கொண்டு. விறைத்துப்போய். கண்கூட இமைக்கவில்லை.

“அப்பா, வாங்கோ.”

“அசையக் கூடாதாம், பிள்ளை.”

“ஆர் சொன்னது?”



அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். யாரோ மறுபக்கம் இழுத்தார்கள்...

நான் விடவில்லை.

இழுத்தேன்...

வெளியே வந்து விழுந்தோம்.

அப்போதே பிரேமை உடைத்து அம்மாவின் படத்தை எடுத்தோம். பின்னால் துரை அதே கதிரையில் இருந்தார். அவருக்குப் பின்னால் இப்போது நான்கு பேர். நான்காவது ஆள் வேட்டி கட்டியிருந்தார். உருவம் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தது.

யனுஷன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகுதான் சொன்னான். அந்தக் காலக் கமெராவுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டுமாம். அசைந்தவர் கலைந்து போவாராம். அசையாதவர் அப்படியே படத்தில் விழுவாராம்.

“நீ இழுத்தபடியாத்தான் அக்கா, அப்பா தப்பினார்.”

நான் படத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். கலைந்த அந்த உருவத்தின் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கை கொஞ்சமும் கலையவில்லை.

விரலில் என் கலியாண மோதிரம்.